ஒத்தை ஆளா இறக்குன பானட்டு

ஊத்துக்குளி வரைக்குந்தானுங்க நான். நீங்க திருப்பூருங்களா? அப்ப ஜன்னலோரம் நீங்களே இருங்க, நான் முன்னாலயே இறங்கிக்குவேன். என்ற பொண்ணை ஊத்துக்குளியில குடுத்திருக்குது. பொஞ்சாதி அங்க போயி உக்காந்துக்கிட்டு வரமாட்டேங்கறா. கூட்டியாரலாம்னு போறனுங்க.

சண்டையெல்லாம் இல்லீங்க. அதுதானுங்களே வெசனம். சண்டை போட்டுட்டுப் போயிருந்தா இன்னதுக்குக் கோவம்னு தெரியும், நாமளும் நாலு வார்த்தை தணிஞ்சு பேசிக் கூட்டியாந்துரலாம். இவ ஒரு வார்த்தை பேசலைங்க. வெடியால எந்திரிச்சுப் பாக்கறேன், வாசல் கூட்டியிருக்குது, தண்ணி புடிச்சு வெச்சிருக்குது, சோறாக்கி மூடி வெச்சிருக்குது. ஆளைக் காணோம். அடிபட்ட அந்தக் கையோட எப்படித்தான் அத்தனையும் பண்ணுனாளோ. நாயமாச் சொல்லுங்க, கை முடியாதவளுக்கு இத்தனை வேலை ஆகுமுங்களா? அதனாலதான் நானும் சாதாரணக் காயம்னு நெனைச்சுட்டேன்.

மொதல்ல இருந்து சொல்றேன். அப்பத்தான் உங்களுக்குப் புரியும்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. சங்ககிரி பைபாஸ்ல லாரிப் பட்டறை. அந்தப் பக்கம் வந்தா நாச்சிமுத்து மேஸ்திரின்னு கேட்டுப் பாருங்க. நல்லவன்னு சொல்றாங்களோ இல்லையோ, வேலைக்காரன்னு சொல்லுவாங்க. ஆனா பட்டறையில ஆள் நிக்கறதில்லைங்க. இப்பத்த ஆளுகளுக்கு ஒரு சொல்லு தாங்கறதில்லை. ஸ்பேனரை மாத்தி எடுத்துக் குடுத்தா மாத்தின்னுதானுங்களே சொல்லோணும்? சொன்னேன். ஒருத்தன் போனான். அடுத்தவனும் போனான். கடைசியா இருந்தவன் குடும்பஸ்தன், பொறுப்பான ஆளு. அவனும் மத்தியானம் சாப்பிடப் போறேன்னு போனவன், சோத்துத் தூக்குப்போசியைக்கூட எடுக்க வரலை. அது இன்னும் ஆணியில தொங்குது.

பக்கத்துல வெல்டிங் பட்டறை வெச்சிருக்கறாரு பொன்னுரங்கம்னு. நல்லாப் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம். நான் கட்டுன இஞ்சினு ஒண்ணு நடுவழியில நின்னு போச்சுன்னு டீக்கடையில நாலு பேர் முன்னால சொல்லிச் சிரிச்சாருங்க. நின்னது உண்மைதான், டீசல்ல தண்ணி. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அதோட சரி. அவரு பட்டறை வாசல் வழியா நான் நடக்கறதே இல்லை. சுத்தித்தான் போவேன்.

இப்படி இருக்கறப்பத்தான் குழந்தைவேலுவோட தண்ணி லாரி இஞ்சினு கெட்டு வந்துச்சு. பட்டாளத்துல ஓடி, ஏலத்துல வந்து, கைமாறிக் கைமாறி இவருகிட்ட டேங்கு ஏத்திக்கிட்டு ஓடுது. மூக்கு வண்டிங்க. இப்பத்த லாரியாட்ட மொட்டை மூஞ்சி இல்லை. இஞ்சினு முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்கு மேல ஒரு மூடி. அதைத்தான் பானட்டும்போம். காருப் பானட்டுன்னு நெனைச்சுக்காதீங்க. பட்டாளத்துத் தகடு, உள்ளுக்குள்ள இரும்புச் சட்டம் வெச்சது. நாலு ஆளு நாலு மூலையில புடிச்சாத்தான் நகரும். இஞ்சினை வெளிய எடுக்கோணும்னா அதை இறக்கியே ஆகோணும்.

சித்திரை வெயிலுங்க. அந்தத் தண்ணியை நம்பி எத்தனையோ ஊடு கொடத்தோட நிக்குது. குழந்தைவேலு சொல்லிட்டாரு: "மேஸ்திரி, உங்ககிட்ட ஆளு இல்லைன்னு கேள்விப்பட்டேன். முடியாதுன்னாச் சொல்லிருங்க, சேலத்துக்கு இழுத்துட்டுப் போயிர்றேன்."

முடியாதுன்னு இந்த வாயி சொல்லுமுங்களா?

அவரு போனதும் மயிலாத்தா வந்து நின்னா. என்ற பொஞ்சாதிங்க. பட்டறைக்குப் பொறத்தாலயே ஊடு. "ஏனுங்க, பொன்னுரங்கண்ணனைக் கூப்பிட்டுக்கலாமுங்களே. அவருகிட்ட ஆளு இருக்குது. நான் வேணாப் போயிக் கேக்கட்டுங்களா?"ன்னா.

"நீ போயி நின்னா நான் போன மாதிரிதான். பேசாம இரு. ஒத்தை ஆளா இறக்கிக் காட்டறேன் பாரு"ன்னேன்.

அவ சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு நின்னா.

உங்களுக்கு இந்தத் தொழில் இல்லை, இருந்தாலும் கேட்டுக்கங்க. கூட ஆளே இல்லாம அத்தாம்பெரிய பானட்டைப் பத்தரமா இறக்கறதுக்கு ஒரு முறை இருக்குது. அவசரப்படப்படாது. மொதல்ல சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் கட்டை குடுக்கோணும். கட்டையை மயிலா கொண்டாந்து போட்டா. பேட்டரி ஒயரைக் கழட்டிறோணும். லைட்டுக்குப் போற ஒயரெல்லாம் பிரிச்சு, எது எங்க சேரும்னு அடையாளம் வெக்கோணும். அவ பழைய சேலையைக் கிழிச்சு, ஒண்ணொண்ணுக்கு ஒரு கலருல முடிஞ்சு வெச்சா. மூடி தெறந்து மூடற கீலைச் சுத்திச் சாக்பீஸ்ல கோடு போட்டுக்கோணும், திருப்பி மாட்டறப்ப அதே எடத்துல உக்காரோணுமில்லீங்களா? அந்தக் கோடு நான் போட்டேன்.

இனிமேத்தான் விசயமே. கொட்டாயில மேல குறுக்க தண்டவாளத் துண்டு ஒண்ணு போட்டிருக்கறேன். அதுல செயின் பிளாக்கு தொங்குது. சங்கிலியை இழுத்தா எப்பேர்ப்பட்ட எடையையும் தூக்கும், விட்டா அப்படியே நிக்கும். அதுல ரெண்டு இருந்தா ஒரு தொந்தரவும் இல்லைங்க. என்கிட்ட ஒண்ணுதான். இன்னொண்ணு பொன்னுரங்கத்துகிட்ட இருக்குது. அதனால பானட்டோட முன்பக்கத்தைச் செயின் பிளாக்குல மாட்டுனேன். பின்பக்கத்துக்கு, கீலு இருக்கற பக்கத்துக்கு, நைலான் கயித்தைக் கட்டி, தண்டவாளத்து மேல போட்டு, கீழ கொண்டாந்து கொட்டாயிக் கம்பத்துல ஒரு சுத்துச் சுத்தி விட்டேன். அந்த நுனியை ஒருத்தரு புடிச்சுக்கிட்டாப் போதும்.

யாருன்னு கேக்கறீங்களா? மயிலாதானுங்க. வேற யாரு இருக்கறாங்க அங்க?

"ரெண்டு சுத்தாப் போடட்டுங்களா?"ன்னு கேட்டா. "ரெண்டு போட்டா விடறப்ப இளகாது, ஒண்ணு போதும்"ன்னேன். தொழில் தெரிஞ்சவன் நான். அப்பறம் நெம்பத் தெளிவாச் சொன்னேன்: "கயித்தைக் கையில சுத்திக்காதே. வழுக்குச்சுன்னா விட்டுட்டு ஓடிரு. பானட்டுப் போனாப் போகுது." நாயமாச் சொல்லுங்க, இதைவிட அக்கறையா ஒரு மனுசன் பொஞ்சாதிகிட்ட என்ன சொல்லோணும்?

கீலு போல்ட்டு உள்ளார இருக்குதுங்க. பானட்டைக் கொஞ்சம் தூக்கி வெச்சு, தலையை உள்ள விட்டுத்தான் கழட்டோணும். எடப்பக்கம் சுளுவா வந்துருச்சு. சோத்தாங்கைப் பக்கம் ஒரு போல்ட்டு துருவேறிக் கெடந்துச்சு. ஸ்பேனரைப் போட்டுத் தொங்கறேன், அசையலை. "இழுத்துப் புடி"ன்னேன். "புடிச்சிருக்கறனுங்க, நீங்க தலையைப் பாத்துக்கங்க"ன்னா. இன்னொரு தடவை தம் புடிச்சு இழுத்தேன். சட்டுனு வந்துச்சு போல்ட்டு.

பின்பக்கத்து எடை மொத்தமும் கயித்துக்குப் போச்சு. கம்பத்துல எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்குது. சர்ர்ருனு கயிறு ஓடற சத்தம் கேக்குது. தலைக்கு மேல தகடு எறங்குது. நான் இஞ்சினுக்கும் அதுக்கும் நடுவுல. பிடரியில வந்து ஒரசுச்சுங்க. ஒரசி, அப்படியே நின்னுச்சு. பாருங்க, இந்த எடத்துல. தழும்புகூட இல்லை.

உள்ள இருந்தே கத்துனேன், "என்ன புள்ள பண்றே?"ன்னு. பைய தலையை உருவிக்கிட்டு வெளிய வந்து பாத்தா, கயித்தைக் கையில சுத்திக்கிட்டு நிக்கறா. எதைப் பண்ணாதேன்னு சொன்னனோ அதையே பண்ணி வெச்சிருக்கறா. கயிறு இழுத்த இழுப்புல கை கம்பத்தோட போயி நசுங்கிருச்சு. ஒரு காலைக் கம்பத்துக்கு முட்டுக் குடுத்து, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நிக்கறா. "வெளிய வந்துட்டீங்களா? வந்துட்டீங்களா?" இதையே கேக்கறா, திரும்பத் திரும்ப.

"வந்துட்டேன், இரு"ன்னேன். மொதல்ல பானட்டைப் பத்தரம் பண்ணோணுமில்லீங்களா? மிச்சக் கயித்தை இழுத்துக் கம்பத்துல முடிச்சுப் போட்டேன். அப்பறந்தான் அவ கையை உருவுனேன்.

சொன்னபடி விட்டுட்டு ஓடியிருந்தா கை தப்பிச்சிருக்கும். அதைத்தான் நான் இன்னைக்கு வரைக்கும் சொல்றேன். சொன்ன பேச்சுக் கேக்கறதில்லை. கண்ணாலம் ஆன நாள்ல இருந்தே அப்படித்தான்.

என்னங்க? பானட்டுக்கு அடியில யாரு இருந்தான்னா? நான்தானுங்க இருந்தேன். அது வேற விசயம்.

தோல் உரிஞ்சு, ரெண்டு விரல்ல நீலம் பாஞ்சிருந்துச்சு. மஞ்சளை அப்பித் துணியைச் சுத்திக்கிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டனுங்க, கேக்காம இல்லை. "பானட்டு அந்தரத்துல தொங்குதுங்களே, அதை மொதல்ல முடிங்க"ன்னா. அவளே சொல்லிட்டா. சரின்னு முடிச்சேன்.

தொங்கற பானட்டை நகத்தப்படாதுங்க, ஆட்டம் போட்டா ஆளை அடிச்சுரும். அடியில இருக்கற வண்டியைத்தான் பின்னால நகத்தோணும். எங்க கொட்டாயித் தரை வெளிப்பக்கமா லேசாச் சரிவு. கட்டையை எடுத்தா வண்டி தானா உருளும். பிரேக்குல ஒரு காலு இருந்தாப் போதும். மயிலா கேபின்ல ஏறி உக்காந்தா. கண்ணாடிக்கு நேரா பானட்டு தொங்குது, அவளுக்கு முன்னால ஒண்ணும் தெரியாது. நான் "விடு"ன்னா விட்டா, "மிதி"ன்னா மிதிச்சா. வண்டி வெளிய போச்சு. அப்பறம் நான் செயினை இறக்க இறக்க, அவ பின்கயித்தை ரெண்டு சுத்தாப் போட்டு எடக்கையில கொஞ்சங்கொஞ்சமா விட, பழைய டயருக மேல பூவாட்ட வந்து உக்காந்துச்சுங்க. ஒரு நசுங்கல் இல்லை, பெயிண்ட்டுப் போகலை. நாலு ஆளு வேலை. ஒத்தை ஆளா முடிச்சேன்.

பொழுது சாயறப்பக் குழந்தைவேலு வந்தாரு. பானட்டு கீழ கெடக்கறதைப் பாத்ததும் அசந்து போயிட்டாரு. போனை எடுத்து வீடியோ புடிக்கறாரு. "இதை எத்தனை பேரு சேந்து இறக்குனீங்க மேஸ்திரி?"

"நான் ஒருத்தன்தானுங்க."

"கூட யாருமே இல்லையா?"

"யாருமே இல்லீங்க."

அந்நேரத்துக்கு மயிலா டீ எடுத்துக்கிட்டு வந்தா. எடக்கையில தட்டம். வலக்கையில துணி. குழந்தைவேலு போனைப் புடிச்சபடிக்கே, "அக்கா கையில என்னங்க?"ன்னாரு. "ஊட்டு வேலையில என்னமோ இடிச்சுக்கிட்டா"ன்னேன். வேற என்னத்தைச் சொல்றது? வீடியோ ஓடிக்கிட்டு இருக்குதுங்களே.

அவ என்னைப் பாத்தா. கோவமா இல்லீங்க. கோவம்னா எனக்குத் தெரியும். வண்டி ரிப்பேருக்கு வர்ற புது ஆளைப் பாக்கற மாதிரிப் பாத்தா. தட்டத்தை இஞ்சினு மேல வெச்சுட்டு உள்ள போயிட்டா.

அந்த வீடியோ அன்னைக்கு ராத்திரிக்குள்ளயே எங்கெங்கயோ போச்சுங்க. நாமக்கல்லுல இருந்து போன், கரூருல இருந்து போன். எப்படி இறக்குனீங்க, கொஞ்சம் சொல்லுங்கன்னு. ஒவ்வொருத்தருக்கும் பொறுமையாச் சொன்னேன், இப்ப உங்களுக்குச் சொன்ன மாதிரியே. பொன்னுரங்கம்கூடப் பாத்திருப்பாரு. மயிலா அடுப்படியில இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. மறுநா வெடியால ஆளைக் காணோம்.

பொண்ணு சுகன்யாதான் போன் பண்ணுனா. "அம்மா இங்க வந்திருக்கறாங்கப்பா. கை வீங்கிக் கெடக்குது. டாக்டர் நரம்பு அறுந்திருக்குதுங்கறாரு, ஆப்ரேசன் பண்ணோணுமாம். பண்ணுனாலும் ரெண்டு விரலு மடங்குமான்னு தெரியாதாம்." டாக்டருங்க கூடக்குறையச் சொல்லத்தான் செய்வாங்க. அம்மாகிட்டப் போனைக் குடுன்னேன். அவ வரலை. சொல்லி மட்டும் விட்டா: "பட்டறைக்கு ஆள் வெச்சுக்கச் சொல்லு."

நல்ல யோசனைதானேன்னு ரெண்டு ஆளை வெச்சேன். அவளே சொன்னதுக்கப்பறம் என்ன? ஆப்ரேசன் அன்னைக்கு வரச் சொன்னா சுகன்யா. புது ஆளுகளை நம்பிப் பட்டறையை விட்டுட்டுப் போக முடியுமுங்களா? போகலை. இஞ்சினு வேலை முடிஞ்சுது. பானட்டு மாட்டறப்பத்தான் வம்பு. பச்சைத் துணி எந்த ஒயரு, செகப்புத் துணி எந்த ஒயருன்னு அவளுக்குத்தான் தெரியும். எனக்கு நெனப்பில்லை. தூக்கி வெச்சா கீலு உக்கார மாட்டேங்குது. நான் கத்த, அந்த ரெண்டு பேரும் சாயங்காலத்தோட நின்னுக்கிட்டானுக. குழந்தைவேலு பொறுக்க மாட்டாம, மூடி இல்லாமயே வண்டியை எடுத்துட்டுப் போயி ஊடு ஊடாத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கறாரு. பானட்டு இன்னும் அந்த டயருக மேலதான் கெடக்குது. காலையில எந்திரிச்சா அது மூஞ்சியிலதான் முழிக்கறேன்.

அதுகூடப் பரவால்லைங்க. முந்தாநாளு சுகன்யா திரும்ப போன் பண்ணுனா. குரலே ஒரு மாதிரி. "ஏனுங்கப்பா, நம்ம ஊட்டுல மாடு எப்ப வாங்குனீங்க?"

"மாடா? ஏங் கண்ணு?"

"கை எப்படி இப்படி ஆச்சுன்னு டாக்டர் கேட்டதுக்கு, மாடு கயித்தை இழுத்துருச்சுன்னு அம்மா சொன்னாங்க. என்கிட்டயும் அதைத்தான் சொல்றாங்க."

எங்ககிட்ட மாடே இல்லீங்க. ஒரு நாளும் இருந்ததில்லை. "அது நம்ம மாடு இல்லை கண்ணு, பக்கத்து ஊட்டு மாடு"ன்னேன். தானா வந்துருச்சுங்க. "யாரு ஊட்டு மாடுப்பா?"ன்னா. "பொன்னுரங்கத்து மாடு"ன்னேன். பொன்னுரங்கம் கோழிகூட வளத்துனது கெடையாது. அது அவளுக்கும் தெரியும். "சரிங்கப்பா"ன்னு வெச்சுட்டா.

அதுல இருந்து சோறு எறங்கலைங்க. டாக்டருகிட்டப் போயி ஏன் பொய்யி சொல்லோணும்? பெத்த புள்ளைகிட்ட ஏன் சொல்லோணும்? என்னைக் காப்பாத்தறாளா? எதுல இருந்து காப்பாத்தறா? நான்தான் ஒண்ணுமே பண்ணலையே. விட்டுட்டு ஓடுன்னுதானுங்களே சொன்னேன்? அவளைக் கேட்டே ஆகோணும்னுதான் கெளம்புனேன்.

வெறுங்கையோடவும் போகலை. ஈரோட்டுல இறங்கி இதை வாங்குனேன். தோல் கிளவுசுங்க. தொட்டுப் பாருங்க, நல்ல தோலு. ஆம்பளை அளவுதான் எல்லாக் கடையிலயும் இருக்குது, தேடித் தேடி சின்ன அளவா எடுத்தேன். இனிமே கயித்தைச் சுத்திக்கிட்டாக்கூட உரியாது. இதைக் குடுத்து, "பானட்டு மாட்டோணும், வா மயிலா"ன்னு கூப்பிடறதா இருக்கறேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? வேற என்ன சொல்லோணுங்கறீங்க? "அன்னைக்கு நீயும் இருந்தே"ன்னு சொல்லோணுமா? அவ இருந்தது அவளுக்குத் தெரியாதுங்களா? இதைப் போயி ஒரு பேச்சுன்னு எப்படிச் சொல்றது? சொன்னா, தப்பை ஒத்துக்கத்தான் நான் வந்தேன்னு ஆயிருமுங்களே.

ஊத்துக்குளி வந்துருச்சுங்க. அதோ, மருந்துக் கடை முன்னால, நெழலுக்கு ஒதுங்கிப் பச்சைச் சேலையில நிக்கறா பாருங்க. அவதானுங்க மயிலா. இந்த பஸ்ஸுக்கு வர்றேன்னு சுகன்யாகிட்டச் சொல்லிருந்தேன். நான் ஊட்டுக்குப் போயிக் கூப்பிடறதுக்கு முன்னாலயே வந்து நிக்கறா. நான் சொல்லலை, கோவமெல்லாம் ஒண்ணும் இருக்காதுன்னு? துணிமணி எடுத்துக்கிட்டுக் கெளம்பியே வந்திருப்பா.

பையைக் காணோமுங்களே.

அது என்னங்க, முழங்கை வரைக்கும் கட்டு? கழுத்துல துணியைப் போட்டுக் கையைத் தொங்க விட்டிருக்கறா. அத்தாம்பெரிய கட்டா? விரலே வெளிய தெரியலையே. இத்தனைன்னு எனக்கு யாரும் சொல்லலீங்களே.

இறங்கறனுங்க கண்டக்டரு, சித்த இருங்க, இறங்கறேன். இந்தாங்க, இந்தக் கிளவுசை உங்க பையில போட்டுக்கங்க. வேண்டாமுங்க, எனக்கு வேண்டாம். எங்கயாச்சும் போட்டுருங்க. சீக்கிரமுங்க, அவ இங்கதான் பாக்கறா.